உதவியா, பங்கா?

மேடையிலிருந்து இறங்கும்போது கைதட்டல் அளவுக்கு மீறி இருந்தால் எனக்குச் சற்றுப் பயமாக இருக்கும். ஏதோ தப்பாகப் பேசியிருக்கிறோம் என்று அர்த்தம். சென்ற ஆண்டு மாசி மாதத்தில், எங்கள் ஊர் இலக்கிய மன்றத்தின் ஆண்டு விழாவில் அப்படி ஒரு கைதட்டல் எனக்குக் கிடைத்தது.

"கலையும் அரசும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். நான் முழங்கினேன். "கலைஞன் அரசாங்கத்தின் வாசலில் கையேந்தி நிற்கலாகாது. மக்கள் விரும்பினால் கலை வாழட்டும். சர்க்கார் பணத்தில் மூச்சு வாங்குகிற கலை வாழ்ந்தென்ன, போயென்ன?" என்றேன். கூட்டம் ஆரவாரம் செய்தது. செயலாளர் ஒரு துண்டைப் போர்த்தினார். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். சலவை கலையாத வெள்ளை ஜிப்பா, நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள் பை. முந்தின நாள் விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவர்.

"நேத்து ஐயா பேசினதை முழுக்கக் கேட்டேன். ரொம்ப நல்லாப் பேசினீங்க" என்றார்.

"உட்காருங்கள், வாத்தியாரே" என்றேன்.

உட்கார்ந்தார். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதைப் பூர்த்தி பண்ணித் தரணும். எனக்குக் கண்ணு முன்னைப் போல இல்லை. கூடவே, நான் வாசிக்கிறவன்தான்னு ஐயா ஒரு வரி எழுதிக் கொடுத்தா நல்லது."

தாளைப் பிரித்தேன். நலிந்த நிலையில் வாழும் கலைஞர்களுக்கு மாநில அரசு தரும் மாத உதவித்தொகைக்கான விண்ணப்பம் அது. மாதம் 3,000 ரூபாய்.

என் காது சுட்டது. அவர் என்னைக் குத்திக் காட்டுவதற்காக வந்திருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நான் பேசியது வேறு விஷயம், அவர் வந்த காரியம் வேறு விஷயம் என்பது போல உட்கார்ந்திருந்தார்.

பேனாவைத் திறந்தேன். பெயர், ஊர், வயது. "கலைப்பிரிவு" என்ற இடத்தில் "ஆர்மோனியம், இசை நாடகம்" என்று எழுதினேன். எழுதும்போதே எனக்குப் பழைய நினைவு வந்துவிட்டது.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், பங்குனித் திருவிழாவுக்கு 'ஸ்பெஷல் நாடகம்' போடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும் வரையில் நடக்கும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூன் மூன்றாவது ஊர். அவர்களுக்குள் ஒத்திகை என்பதே கிடையாது. சில சமயம் மேடையில்தான் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பார்கள்! நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது யார் எந்தப் பாட்டை எடுப்பார், எந்தச் சுருதியில் எடுப்பார் என்பது யாருக்கும் தெரியாது. அத்தனை பேரையும் ஒரே நாடகமாகக் கட்டி விடியற்காலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பவர், மேடையின் ஓரத்தில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர்தான். சனங்கள் அவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் அவர் அரை நிமிஷம் தூங்கிவிட்டால் முருகனுக்கு வள்ளி கிடைக்க மாட்டாள்!

இவர் அந்த மேடைகளில் ஐம்பது வருஷம் வாசித்தவர். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் வந்து திருவிழாக்கள் நின்றபோது, பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஒரு பருவம் முழுவதும் இவருடைய பெட்டி உறையை விட்டு வெளியே வரவில்லை. மறுபடியும் அழைப்பு வந்து திறந்து பார்த்தபோது எலி துருத்தியைக் கடித்திருந்ததாம். ஒட்டுப் போட்டுத்தான் இதுவரை வாசித்து வருகிறார்.

"ஐயா ஒண்ணு கேட்கலாமா?" என்றார்.

"கேளுங்கள்."

"உங்க புஸ்தகத்தை யாரு வாங்குறாங்க?"

ரசிகர்கள், வாசகர்கள் என்று கம்பீரமாகச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் என் பதிப்பாளர் தரும் கணக்கு எனக்குத் தெரியாதா? "கடையிலும் கொஞ்சம் போகிறது. லைப்ரரி ஆர்டர் வந்தால்தான் பதிப்பாளருக்குக் கட்டும்" என்றேன்.

"லைப்ரரி யாரோடது?"

"அரசாங்கத்துடையது."

அவர் சிரித்தார். பல் அதிகம் இல்லாத சிரிப்பு. "அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கஜானாதான்" என்றார்.

வாசக நண்பர்களே, நான் எத்தனையோ விமர்சகர்களிடம் அகப்பட்டிருக்கிறேன். ஒருவராவது இவ்வளவு சுருக்கமாக என்னை முடித்ததில்லை. லைப்ரரி ஆர்டர் வராத சில ஆண்டுகளில் என் நாவல் ஒன்று அச்சுக்குப் போகாமல் பதிப்பாளரின் மேஜைக்குள் தூங்கியது உண்டு. அப்போது நான் யார் யாரிடம் போய் என்ன என்ன சொன்னேன் என்பதையெல்லாம் இலக்கிய மன்றத்து மேடையில் சொல்லவில்லை.

விண்ணப்பத்தை எழுதி முடித்தேன். படித்துக் காட்டச் சொன்னார். தலைப்பைப் படித்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அது என்னங்க, நலிந்தன்னு போட்டிருக்கு?"

"கஷ்டத்தில் இருப்பவர் என்று அர்த்தம்."

"நான் நலியலையே! பெட்டிதான் நலிஞ்சு போச்சு" என்றார். பிறகு, "போகட்டும். அவங்க அச்சடிச்சது. நீங்க என்ன பண்ணுவீங்க!" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு சொல் என்னை விடவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் கலைஞர்களுக்குச் செய்த ஏற்பாடு கல்வெட்டில் இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு ஆடல் மகளிரைக் கொண்டுவந்து தளிச்சேரிகளில் குடியேற்றினான். ஒவ்வொருத்தியின் பெயரும், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்பதும், அவளுக்குத் தந்த வீடும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவர்களுக்கும், பாடுவோருக்கும், கருவி வாசிப்போருக்கும் இதே போல ஏற்பாடு. திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பேர், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். ஒருவர் இறந்துபோனால் அடுத்த முறைக்காரர் அந்த வேலையைச் செய்து நெல்லைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைப் போட வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறான்.

அது பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த நானூறு பெண்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று கல் சொல்லவில்லை. நான் கவனித்தது வேறு. அவர்களுக்குத் தரும் நெல்லுக்கு அந்தக் கல்வெட்டில் என்ன பெயர் தெரியுமா? 'பங்கு.' இன்னாருக்குப் பங்கு ஒன்று, இன்னாருக்குப் பங்கு இரண்டு. உதவி என்று இல்லை. நலிந்தவர் என்று இல்லை. வேலை இருக்கிறது, அதற்குப் பங்கு இருக்கிறது. பங்கு வாங்குகிறவன் யாரையும் கும்பிட வேண்டியதில்லை.

எங்கள் அடுத்த வீட்டு நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கருவூலத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கறிகாய்க் கணக்கைக்கூட மூன்று பிரதி எடுத்து வைப்பவர். அவர் கேட்டார்: "குடிதண்ணீருக்கு இரண்டு மைல் நடக்கிற ஊர் இருக்கும்போது ஆர்மோனியத்துக்கு எதற்கு ஐயா சர்க்கார் பணம்?"

நியாயமான கேள்வி. இதைக் கேட்கிறவர்களை ரசனை கெட்டவர்கள் என்று தள்ளிவிடக் கூடாது. நான் சொன்னேன்: "குழாய்க்கு வைத்த பணத்தில் ஆர்மோனியம் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. கலைக்கு ஒதுக்கும் பணம் முழுவதையும் வழித்து எடுத்துக் குழாய் போட்டாலும் எத்தனை ஊர் தாகம் தீரும்? நீங்கள்தான் கணக்கு அதிகாரி, சொல்லுங்கள்."

"அது சரி. ஆனால் ரசிகர்கள் காசு கொடுத்துக் கேட்கட்டுமே?"

"கச்சேரிக்கு டிக்கெட் உண்டு. சாதகத்துக்கு டிக்கெட் உண்டா?" என்றேன்.

இதுதான் விஷயத்தின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பையன் நாகசுரத்தில் ஒரு கீர்த்தனையைப் பிறர் காது கொடுத்துக் கேட்கும்படி வாசிக்கப் பல வருஷங்கள் பிடிக்கும். அந்த வருஷங்களில் அவனுக்கு எந்த ரசிகரும் ஒரு காசு தர மாட்டார்; தரவும் முடியாது. முற்காலத்தில் அந்தச் செலவைக் கோயில் நிலம் தாங்கியது; ஜமீன் தாங்கியது; குருவின் வீட்டு அடுப்படி தாங்கியது. இவை ஒவ்வொன்றாகக் கை விட்ட பிறகு யார் தாங்குவது? அதனால்தான் 1949-ல் சென்னையில் கர்நாடக இசைக்கென்று ஓர் அரசுக் கல்லூரி தொடங்கி, முசிரி சுப்பிரமணிய ஐயரை அதற்கு முதல்வராக வைத்தார்கள். 1955-ல் சென்னை மாநில சங்கீத நாடக சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதுவே பின்னால் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் ஆயிற்று. மாவட்டங்களில் பதினேழு அரசு இசைப்பள்ளிகள் வந்தன. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள். மூன்று வருஷப் படிப்பு. ஏழை வீட்டுப் பிள்ளை தன் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து படிக்கலாம்.

நம் ஆர்மோனியக்காரரின் பேரன் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான் தவில் படிக்கிறான். எந்த ஊர்ப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. ஏனென்றால் அங்கே தவில் ஆசிரியர் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் வேறு ஒருவர் வரவில்லை. பையன் தினமும் போகிறான். மிருதங்க வகுப்பில் உட்கார்ந்து தாளம் போட்டுவிட்டு வருகிறான்.

இதைக் கேட்டதும் நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ ரகசியத்தை வெளியிடுகிறவர் போலச் சொன்னார்: "உங்களுக்குத் தெரியாது. பணம் குறைக்க வேண்டும் என்று மேலிருந்து வந்தால் நாங்கள் முதலில் கை வைப்பது பெரிய தொகையில் அல்ல. பெரிய தொகைக்குப் பின்னால் பெரிய ஆள் இருப்பான். சின்னத் தொகையில்தான் கை வைப்போம். அதிலும் வெட்ட மாட்டோம். வெட்டினால் சட்டசபையில் கேள்வி வரும். காலியான இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுவோம். கோப்பு வந்தால் 'விளக்கம் தேவை' என்று திருப்பி அனுப்புவோம். இரண்டு வருஷத்தில் மாணவர்கள் குறைந்துவிடுவார்கள். மூன்றாவது வருஷம், மாணவர்களே இல்லாத பள்ளிக்கு எதற்குப் பணம் என்று நாங்களே கேட்போம்!"

செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. தண்ணீர் விடுவதை நிறுத்தினால் போதும். அதைச் செய்கிறவனுக்குத் தான் கொன்றோம் என்ற எண்ணம்கூட வராது.

"உலகத்தில் எங்கேயாவது கலைக்குத் தரும் பணத்தை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்திருக்கிறார்களா?" என்று நண்பர் கேட்டார். பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் என்று ஒரு மாநிலம். அங்கே ஆளுநர் என்பவர் தேர்தலில் ஜெயித்து வருகிறவர். சட்டசபை ஒதுக்கிய தொகையை அவர் ரத்துச் செய்யலாம். 2011-ல் அப்போதைய ஆளுநர், மாநிலக் கலை ஆணையத்துக்குச் சட்டசபை வைத்திருந்த ஏறத்தாழ ஏழு லட்சம் டாலரை ஒரே கையெழுத்தில் அடித்துவிட்டார். சிக்கனம் என்றார். ஆனால் மாநிலம் தன் பங்கைப் போட்டால்தான் மத்திய அரசின் கலை நிதியும் வரும் என்பது அந்த நாட்டு ஏற்பாடு. மாநிலம் கையை மூடியது. மத்திய அரசுப் பணமும் நின்றது. மிச்சம் பிடித்ததைப் போல இன்னொரு மடங்கு நஷ்டம்! அடுத்த வருஷமே, 2012-ல், வேறு பெயரில் ஓர் ஆணையத்தை உண்டாக்கி மறுபடியும் பணம் ஒதுக்கினார்கள்.

நண்பர் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்கே கையெழுத்துப் போட்டதால் ஊருக்குத் தெரிந்தது. இங்கே தவில் வாத்தியார் வராதது யாருக்குத் தெரியும்?" என்றார்.

ராஜராஜன் கல்லில் எழுதியது, தனக்குப் பின்னால் வருகிறவன் கை வைக்கக் கூடாது என்பதற்காகத்தான். நம் காலத்தில் கல்லுக்குப் பதில் சட்டம். அதற்கும் ஓர் உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலக இயல் மேதை ரங்கநாதன் பல வருஷம் வாதாடியதன் பலன் அது. அதன்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு. ஆக, நூலகத்துக்கு வருகிற பணம் எந்த மந்திரியின் தயவும் இல்லை. வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் போட்ட பங்கு. என் புத்தகத்தை நூலகம் வாங்கினால் நான் யாருக்கும் சலாம் போட வேண்டியதில்லை. என் நாவலில் வரும் மந்திரியை நான் திட்டினாலும் திட்டலாம்! உதவி வாங்கியவனுக்கு அந்தத் தைரியம் வராது. அரசாங்கம் பணம் தந்தால் கலைஞன் துதி பாடியாகிவிடுவான் என்று அன்று மேடையில் பயமுறுத்தினேனே, அந்தப் பயத்துக்கு மருந்து பணத்தை நிறுத்துவது அன்று. அதைத் தயவாகத் தராமல் பங்காகத் தருவது.

சட்டம் இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. வரியாக வசூலித்த பணம் நூலகத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று பத்திரிகைகளில் அவ்வப்போது செய்தி வருகிறது. கல்வெட்டுக்கும் அதே கதிதான். எத்தனையோ கோயில்களில் எழுத்து இருக்கிறது. அதில் சொன்ன நிலம் இல்லை. ஆகையால் கல்லோ சட்டமோ எதுவாயினும், அதை யாராவது அவ்வப்போது படித்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். "என் பங்கு எங்கே?" என்று கலைஞன் கேட்டால் அவனைப் பிச்சைக்காரன் என்பார்கள். வரி கட்டுகிறவன் "நான் போட்ட பங்கு எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்லித்தான் தீர வேண்டும். உங்கள் ஊர் நூலகத்தில் இந்த ஆண்டு என்ன புத்தகம் வாங்கினார்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். உங்கள் மாவட்டத்து இசைப்பள்ளியில் எத்தனை வாத்தியார் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். நானும் அதுவரையில் ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை.

ஆர்மோனியக்காரருடைய விண்ணப்பத்துக்குப் பதினொரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. நடுவில் இரண்டு தடவை விளக்கம் கேட்டார்கள். இரண்டு தடவையும் என் நண்பர்தான் பதில் எழுதினார். திருப்பி அனுப்பத் தெரிந்தவருக்குத் திருப்ப முடியாதபடி எழுதவும் தெரிந்திருந்தது! முதல் மாதப் பணத்தில் பெரியவர் பெட்டிக்குப் புதுத் துருத்தி போட்டார். அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து அரை மணி நேரம் வாசித்தார். நண்பர் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருக்குச் சங்கீதம் பிடிக்கும் என்பது இருபது வருஷமாக எனக்குத் தெரியாது.

வாசித்து முடித்துவிட்டுப் பெரியவர், "பேரனுக்குத்தான் இன்னும் வாத்தியார் வரலை" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். இரவே உட்கார்ந்து மனு எழுதினோம். பொருள் என்ற இடத்தில் நான் "உதவி வேண்டுதல்" என்று எழுதத் தொடங்கி, நிறுத்தி, அடித்தேன். "பங்கு" என்று எழுதட்டுமா என்றேன். "அப்படி எழுதினால் உங்களை நிலத்தகராறுப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்றார் நண்பர். பேனாவை வாங்கி அவரே எழுதினார்: "பொருள்: தவில் ஆசிரியர் பணியிடத்தை நிரப்புதல் தொடர்பாக." கீழே முதலில் தம் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.